தீக்குச்சி பற்றாத பிள்ளை

என் பக்கத்தில் தீக்குச்சி பற்றாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்துகொண்டு, "அந்தப் பிள்ளையா நீ" என்று யாரும் இரண்டடி பின்வாங்க வேண்டாம்.

வேறு ஊரில் பிறந்திருந்தால் இது பெரிய குறையாக இருந்திருக்காது. மீன் பிடிக்கிற ஊரில் பிறந்திருந்தால் அடுப்போடு பிரச்சினை முடிந்திருக்கும். நான் பிறந்ததோ நாரணாபுரத்தில். எந்தப் பக்கம் கல்லை எறிந்தாலும் ஒரு பட்டாசுக் கம்பெனிச் சுவரில் போய் விழும். தப்பினால் தீப்பெட்டி செய்கிற ஆபீஸில் விழும். ஊரே நெருப்பை விற்றுச் சாப்பிடுகிறது, அந்த ஊரில் நான் போய் நின்ற இடத்தில் நெருப்பு அணைகிறது. சாமிக்கு வேறு சோலி இல்லை போலிருக்கிறது.

அம்மா அடுப்புப் பற்றவைக்கும்போது நான் தெருமுனைக்குப் போய்விட வேண்டும். சோறு வடித்ததும் கூப்பிடுவாள். கோயிலில் சூடம் காட்டும்போது வெளியே நிற்க வேண்டும். ஒரு கார்த்திகைக்குச் சொக்கப்பனை பார்க்க ஆசையாகக் கூட்டத்தோடு போய் நின்றுவிட்டேன். எத்தனை தடவை கொளுத்தியும் ஓலை பற்றவில்லை. பூசாரி கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "ஏ புள்ள, ஒனக்கு வீட்ல சோலி இல்லையா?" என்றார். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அங்கே குபீரென்று பற்றிக்கொண்டது. ஊர் கைதட்டியது எங்கள் வீடுவரைக்கும் கேட்டது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

ஒரு வீட்டு அகலம் தள்ளிப் போய்விட்டால் எல்லாம் பழையபடி எரியும். நான் இருக்கிறவரை நெருப்பு வாயைத் திறக்காது, அவ்வளவுதான். கோபமாக இருந்தால் இன்னும் நன்றாக அடங்கும். பயந்துவிட்டால் வேலை செய்யாது. ஒருநாள் நாய் துரத்தி, எரிகிற குப்பைமேட்டை ஒட்டி ஓடினேன். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்லவேளை, எனக்குக் கோபத்துக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

என் அம்மா சோலையம்மாளுக்குக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் கலந்த பொடியைத்தான் எங்கள் ஊரில் மருந்து என்பார்கள். ஒருநாள் அம்மா மறந்துபோன தூக்குச்சட்டியைக் கொடுக்கப் போனேன். அன்றைக்கு என்று பார்த்து, வடக்கேயிருந்து வந்த வியாபாரிகளுக்கு மைதானத்தில் சாம்பிள் வெடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு திரிகூடப் பிடிக்கவில்லை. ஆர்டர் போய்விட்டது. ஃபோர்மேன் காசிராஜன் எல்லார் முன்னாலும் அம்மாவிடம் சொன்னார்: "இந்தச் சனியன் இனிமே காம்பவுண்டுக்குள்ள கால வச்சா, அன்னைக்கே நீயும் வீட்டுக்குப் போயிரு."

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வீடுவரைக்கும் தலையைக் குனிந்தபடியே நடந்தாள். என்னை நினைத்து அம்மாவுக்கு வெட்கம் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம், வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்த சமயத்தில், எங்கள் ஏழாம் வகுப்புக்கு ஹஸ்னா வந்து சேர்ந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணில் கோளாறு என்று அவளுடைய அத்தா, அதாவது அப்பா, செய்யது அபுதாஹிர் டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். பையன்கள் அவளுக்கு அன்றைக்கே "ஹீரோ" என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் பக்கத்தில் எப்போதும் இடம் காலியாக இருக்கும் என்பதால் அவளை அங்கே உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இங்கன கண்ணு கூசல" என்றாள். "நீ யாரு?"

"மாரிசெல்வி."

"பேரக் கேக்கல. ஒன்னச் சுத்தி மட்டும் இருட்டா, குளுகுளுன்னு இருக்கு. நான் வந்ததுல இருந்து இந்த ஊர்ல இப்பிடி ஒரு எடத்தப் பாக்கவே இல்ல."

ஹஸ்னாவுக்குச் சூடு கண்ணுக்குத் தெரியும். சுவருக்குப் பின்னால் இருந்தாலும் தெரியும். லேசான சூடு சிவப்பாகத் தெரியும், பற்றப்போகிற சூடு வெள்ளையாகத் தெரியும். விருதுநகரில் அவளுடைய அத்தா ஒரு மிளகாய் வத்தல் குடோனில் வேலை பார்த்தார். ஈரத்தோடு அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவில் வெள்ளையாகத் தெரிகிறது என்று இவள் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். மறுநாள் குடோன் எரிந்தது. முந்தின நாளே தெரியும் என்றால் தீ வைத்ததே இவர்கள்தானே என்று பேச்சு கிளம்பியது. போலீஸ் வரைக்கும் யாரும் போகவில்லை. இவர்களோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அதனால் ஊரை விட்டு வந்து, கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி வாங்கி விற்கிறார் அத்தா.

"கண்ணு கூசுற புள்ளைய வச்சிக்கிட்டு ஒங்க அத்தாவுக்கு வேற ஊரே கெடைக்கலையா?" என்று கேட்டேன்.

"அத நானும் கேட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

கலந்த மருந்தை அன்றைக்கே அடைத்து முடிக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மிஞ்சினால் தண்ணீரில் முக்கிக் குழியில் கொட்ட வேண்டும். ஆனால் அது தீபாவளி சீசன். சனிக்கிழமை சாயங்காலம் லோடு ஏற்ற ஆள் போதாமல், காசிராஜன் மருந்து அறைப் பெண்களைப் பாதி வேலையில் எழுப்பிக் கூட்டிப் போய்விட்டார். ஒரு பெரிய அலுமினியச் சட்டி நிறைய மருந்து மிச்சம். கொட்ட மனசு வரவில்லை. பொடி பறந்துவிடக் கூடாது என்று ஈரச் சாக்கைப் போட்டு மூடச் சொன்னார். பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஞாயிற்றுக்கிழமை பூராவும் அந்த ஈரம் மருந்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள்ளே புழுங்கிச் சூடேறும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம்.

திங்கட்கிழமை காலையில் அம்மா வழக்கம்போலக் கம்பெனி வண்டியில் போய்விட்டாள். நானும் ஹஸ்னாவும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். கம்பெனியின் பின்பக்க முள்வேலியை ஒட்டித்தான் பாதை. ஹஸ்னா திடீரென்று நின்று, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு வேலிக்குள்ளே பார்த்தாள்.

"அந்தக் கடைசி ரூமு என்னது?"

"புஸ்வாண ரூமு. எங்கம்மா அங்கனதான் இருக்கா."

அவள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நான் பையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன பாத்தே, சொல்லு."

"சொல்ல மாட்டேன். சொன்னா நாந்தான் வச்சேம்பாக."

"ஹஸ்னா, எங்கம்மா உள்ள இருக்கா."

அவள் திரும்பி வேலிக்குள்ளே பார்த்தாள். "ஒரு சட்டிக்குள்ள இருக்கு. ஓரமெல்லாம் செவப்பு. நடுவுல வெள்ளையாகிட்டு வருது. வத்தல் குடோன்ல இப்பிடித்தான் இருந்துச்சு மாரி."

போன் செய்யலாம் என்றால் செல்போன்களை எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். முள்வேலியில் நுழைய வழியில்லை. சுற்றிக்கொண்டு கேட்டுக்கு ஓடினோம். வாட்ச்மேன் சோணைமுத்து மாமா, நேரங்கழித்து வேலைக்கு வந்த ஓர் ஆளின் சட்டைப்பையைத் தடவி பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கடைசி ரூம்ல மருந்து சூடாகுது. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க."

"யாரு சொன்னா?"

"இவ பாத்தா."

அவர் கறுப்புக் கண்ணாடியை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணு சரியில்லாத புள்ள பாத்துச்சாக்கும். ஏ மாரி, ஒங்கம்மாவுக்கு வேல வேணுமா வேண்டாமா? பேசாம பள்ளிக்கூடம் போ."

வேலை போகும். அது எனக்கும் தெரியும். அப்பா லாரியில் லோடு போய்விட்டு எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது, வீடு அம்மாவின் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அம்மா இருந்தால்தானே வேலை. செருப்பைக் கழற்றிக் கேட்டில் போட்டேன். செருப்போடு மருந்து அறைப் பக்கம் போகக் கூடாது என்பது அந்த அவசரத்திலும் மறக்கவில்லை. கேட்டுக்குக் குறுக்கே கட்டியிருந்த சங்கிலிக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினேன். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் தீப்பெட்டி தேடுகிற மனுஷன், தீப்பெட்டியே வேலை செய்யாத ஒருத்தியைத் துரத்திக்கொண்டு வந்தார். ஹஸ்னா வந்த வழியே வேலிப் பக்கம் ஓடினாள்.

கடைசி அறை வாசலுக்கு நான் போனபோது பெண்கள் தரையைத் துடைத்து முடித்திருந்தார்கள். அம்மா சட்டிக்கு முன்னால் குந்தி, சாக்கின் நுனியைப் பிடித்திருந்தாள்.

"அம்மா, சாக்கத் தொடாத."

அம்மா திரும்பினாள். "ஏட்டி, நீ எதுக்கு இங்கன வந்த? ஃபோர்மேன் பாத்தாருன்னா..."

"மருந்து சூடாயிருக்கும்மா. மோந்து பாருங்க எல்லாரும்."

அம்மாவோடு வேலை செய்கிற மாடத்தி அக்கா மூக்கைச் சுளித்தாள். சாக்குக்கு அடியிலிருந்து லேசாக ஆவி வந்தது, மூத்திர வாடையோடு. அந்த வாடை வந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "மருந்து புழுங்குது, ஓடுங்க" என்று அக்கா ஒரே சத்தம்தான் போட்டாள். அறை அறையாகப் பெண்கள் வெளியே வந்து கேட்டைப் பார்க்க ஓடினார்கள். என்னைத் துரத்தி வந்த சோணைமுத்து மாமா திரும்பி ஓடி மணியை அடித்தார்.

அம்மா சாக்கை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அதற்குள் சட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி."

"நான் எந்திரிச்சா பத்திக்கிரும்."

"பத்தட்டும், எரிஞ்சு போகட்டும். நீ வா."

"பக்கத்து ரூம்ல அடச்சு வச்சது அம்புட்டும் இருக்கும்மா. எல்லாரும் கேட்டைத் தாண்டணும்ல. நீயும் போ, நான் பெறகு வாரேன்."

கண்ணை மூடிக்கொண்டு கோபத்தை வரவழைத்தேன். பூசாரியை நினைத்தேன். காசிராஜனை நினைத்தேன், அவருடைய மீசையைத் தனியாக நினைத்தேன். என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று டீச்சரிடம் அழுத பிள்ளைகளை ஒவ்வொருத்தராக நினைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஹஸ்னா கத்தினாள்: "மாரி, வெள்ளை கொறையுது. செவப்பா வருது. விட்றாத."

கொஞ்ச நேரம் சரியாகத்தான் போனது. பிறகு கண்ணைத் திறந்து தொலைத்தேன். சாக்கின் ஓரம் கருகி, நூல் நூலாகப் புகை வந்துகொண்டிருந்தது. சொக்கப்பனை வெறும் ஓலை. இது ஒரு சட்டி மருந்து. இவ்வளவு மருந்துக்கு முன்னால் நான் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"மறுபடியும் வெள்ளையாகுது மாரி" என்று ஹஸ்னா அழுதாள்.

"அம்மா, போயிரும்மா" என்றேன். "நான் அணைச்சிருவேன். நீ போ."

அம்மா போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா, சாயங்காலம் பூக்கட்ட உட்காருவாளே, அந்த மாதிரி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை எடுத்து என் தோளைச் சுற்றிப் போட்டாள்.

"அணைச்சா அணை, அணைக்காட்டி விடு" என்றாள். "ஒன்ன விட்டுட்டு நான் எங்கன போக?"

"என்னால ஒனக்கு வெக்கமா இல்லையாம்மா?"

இதைக் கேட்க வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று எனக்கே தோன்றியது. ஆனால் அதைக் கேட்காமல் சாகவும் எனக்கு மனசில்லை.

"ஒன்னாலயா?" என்றாள் அம்மா. "அன்னைக்கு அந்த மனுசன் ஒன்னச் சனியன்னு சொன்னப்ப, வாயத் தெறக்காம வந்தேன்ல. அதுக்குத்தான் வெக்கம். இன்னைக்கு வரைக்கும் அதுதான் எனக்கு வெக்கம்."

என்னிடம் இருந்த கோபம் அத்தனையும் அந்த நிமிஷமே ஓடிப்போய்விட்டது. தேடினேன், ஒன்றுகூட மிச்சமில்லை. காசிராஜனின் மீசைகூட உதவவில்லை. பயமும் போய்விட்டது. அழுகைதான் வந்தது. சரி, இனி வெடிக்கும் என்று அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மணிச் சத்தம் நின்றிருந்தது. வெகுநேரம் கழித்து ஹஸ்னாவின் குரல் கேட்டது, இந்த முறை கத்தல் இல்லை.

"மாரி, இருட்டாயிருச்சு. செவப்புகூட இல்ல. அந்த ரூமு பூராவும் இருட்டா, குளுகுளுன்னு இருக்கு."

அம்மா கையை நீட்டிச் சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மண்பானையைத் தொட்டதுபோலச் சில்லென்று இருந்தது. ஆனாலும் அம்மா எதையும் நம்பிவிடுகிற ஆள் இல்லை. திரும்பி வந்த மாடத்தி அக்காவும் அவளும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்க, நான் நடுவில் ஒட்டிக்கொண்டே நடந்தேன். அறைக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சட்டியைச் சாக்கோடு முக்கினோம். மருந்து கரைந்து தண்ணீர் சாம்பல் நிறமாயிற்று. ஹஸ்னா கேட் வழியாக ஓடி வந்து, தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்ல" என்றாள்.

அம்மா என் முதுகில் ஓர் அறை வைத்தாள். நல்ல பலமான அறை. அடுத்த நொடி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையோடு எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அம்மா இருக்கிறாள், நான் இருக்கிறேன், மாடத்தி அக்கா மூக்கைச் சிந்துகிறாள். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் அடங்கியபிறகுதான் காசிராஜன் பக்கத்தில் வந்தார். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சங்கடம் முகத்தில் வழிந்தது. சட்டென்று ஒரு யோசனை வந்துவிட்டதுபோல அம்மாவிடம் திரும்பினார்.

"சோலையம்மா, நாளையில இருந்து புள்ளைய தெனமும் கூட்டிட்டு வா. மருந்து ரூம்ல ஓரமா உக்காந்தா போதும். வேல ஒண்ணும் செய்ய வேண்டாம். சாம்பிள் போடுற அன்னைக்கு மட்டும் வீட்ல இருக்கட்டும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"அன்னன்னைக்கு மருந்த அன்னன்னைக்கே முடிச்சீகன்னா யாரும் வந்து உக்கார வேண்டாம்" என்றாள். "எம்மக பேரு மாரிசெல்வி. அவ பள்ளிக்கூடத்துக்குப் போகணும்."

பின்னால் நின்ற பெண்கள் ஒருத்திகூட வேலைக்குத் திரும்பவில்லை. காசிராஜன் அவர்களைப் பார்த்துவிட்டு, மற்ற அறைகளில் மிச்ச மருந்து ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத் தானே போனார்.

அம்மா அன்றைக்கு வேலை செய்யவில்லை. என்னை ஒரு கையிலும் ஹஸ்னாவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வழியில் ஹஸ்னா மெதுவாக, "அத்தை, நாந்தான் வச்சேன்னு யாரும் சொல்லுவாகளா?" என்று கேட்டாள். அம்மா நின்று, அவள் தலையைத் தடவி, "சொல்லிப் பாக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு ஹஸ்னா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அவ்வளவு பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் வாசலுக்கு வந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். அம்மாவின் சேலையெல்லாம் சாம்பல் தண்ணீர். முகத்தில் மருந்துப் பொடி.

"என்னயக் கூப்பிட வந்தாளுக டீச்சர்" என்றாள் அம்மா. "அதான் நேரமாகிப்போச்சு."

டீச்சர் எங்களை உள்ளே போகச் சொன்னார். அம்மா ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மெதுவாக வீட்டுக்கு நடந்தாள்.